கதவின் சாவி யார் கையில்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நடுநிலை நாடு என்றதும் நம்மில் பலருக்கு மதில் மேல் பூனைதான் நினைவுக்கு வருகிறது. அந்த நினைப்பை இந்த ஒரு மாலைக்கு ஒதுக்கி வையுங்கள். நடுநிலை சும்மா இருப்பதல்ல. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி, போரிடும் எந்தப் படையையும் நடுநிலை நாடு தன் மண் வழியே போக விடக் கூடாது. விடக் கூடாது என்றால் தடுக்க வலு வேண்டும். வலு போதாத இடத்தில் நடுநிலை ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். 1839இல் வல்லரசுகள் கையெழுத்திட்டுக் காப்பதாகச் சொன்ன பெல்ஜியத்தின் நடுநிலையை, 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படைகள் மிதித்துக்கொண்டு உள்ளே போயின.

பின்லாந்தைப் பற்றி விரிவாகச் சொல்லவே இங்கு வந்தேன். 1939–40 குளிர்காலப் போரில் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை சோவியத் யூனியனிடம் இழந்த நாடு அது. நான்கு லட்சம் பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். ரஷ்யாவுடனான எல்லையோ 1,340 கிலோமீட்டர். 1948இல் மாஸ்கோவுடன் நட்பு உடன்படிக்கை செய்துகொண்டு, வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசி வாழ்ந்தது. பனிப்போர் முடிந்த பிறகும் கட்டாய ராணுவ சேவையைக் கைவிடவில்லை. மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேரவில்லை, வேண்டுமென்றால் சேருவோம் என்ற உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

2021 டிசம்பரில் ரஷ்யா ஒரு வரைவை வெளியிட்டது. நேட்டோ இனிப் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றது அது. உக்ரைன் மீதான முழுப் படையெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. என் பார்வையில் பின்லாந்தின் மனம் திரும்பத் தொடங்கியது அங்கேதான். அதுவரை தன் வீட்டுக் கதவைத் தானே சாத்தி வைத்திருந்தவனிடம், வெளியிலிருந்து பூட்டுகிறேன் என்று ஒருவன் வந்தால் என்ன ஆகும்? அடுத்த சில நாட்களில், புத்தாண்டு உரையில், அந்த உரிமை எங்களுடையது என்றார் அதிபர் நீனிஸ்டோ. 2022 மே மாதம் நேட்டோவில் சேர நாடாளுமன்றத்தில் ஆதரவு 188, எதிர்ப்பு 8. 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோ உறுப்பினர்.

ஸ்வீடனின் கதை வேறு. இருநூறு ஆண்டுகளாகப் போருக்குப் போகாத அந்த நாடு, பால்டிக் கடலின் நடுவே இருக்கும் கோட்லாந்து தீவிலிருந்து 2005இல் படைப்பிரிவை விலக்கிக்கொண்டது. 2010இல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தியது. 2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பறித்த பிறகு இரண்டையும் மீட்டெடுத்தது. நேட்டோவில் சேர 2022 மே மாதம் விண்ணப்பித்தும், எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பதால், துருக்கியும் ஹங்கேரியும் தலையசைக்கக் காத்து 2024 மார்ச் வரை வாசலில் நின்றது. கூட்டணிக்குள் போனால் சாவி முழுதாக நம் கைக்கு வந்துவிடும் என்று எண்ணுபவர்கள் இதை மறக்கக் கூடாது. ஸ்வீடன் விட்டுக்கொடுத்த நடுநிலை சிறிய பொருள் அல்ல. அதை நினைக்கையில் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

சுவிட்சர்லாந்து வெளியேறவில்லை, ஆனால் நெளிகிறது. ரஷ்யா மீதான ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடைகளைப் படையெடுப்பு நடந்த நான்காம் நாளே ஏற்றது. தான் விற்ற பீரங்கிக் குண்டுகளை ஜெர்மனி உக்ரைனுக்குக் கொடுக்க மட்டும் அனுமதி மறுத்தது. நடுநிலைச் சட்டம் போர்க்கருவிகளைப் பற்றியது, வணிகத் தடையை அது தடுக்கவில்லை; ஆகவே சட்டப்படி இரண்டும் சரியே. ஆனால் ஜெர்மனி அந்தக் குண்டுகளைத் தன் மண்ணிலேயே தயாரிக்க ஏற்பாடு செய்துகொண்டது. மால்டோவா பாவம்: 1994 அரசமைப்புச் சட்டத்தில் நடுநிலையை எழுதி வைத்தும், அதனிடமிருந்து பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் ரஷ்யப் படை இன்றும் நிற்கிறது.

கடைசியாக அயர்லாந்து. அங்கே 12 வீரர்களுக்கு மேல் வெளிநாட்டு அமைதிப் பணிக்கு அனுப்ப அரசின் முடிவும் நாடாளுமன்ற ஒப்புதலும் போதாது; ஐ.நா.வின் அனுமதியும் வேண்டும். ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் பெற்ற, ரஷ்யா உட்பட்ட ஐந்து நாடுகளில் ஒன்று கை உயர்த்தி மறுத்தால் தலைநகர் டப்ளினின் முடிவு நின்றுவிடும். இந்த விதியை எடுக்க அரசு முனைகிறது. எடுத்தால் நடுநிலை மெல்லக் கரைந்துபோகும் என்று அஞ்சுகிறார்கள் அந்நாட்டு மக்கள் பலர். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், தங்கள் வீரர்கள் எங்கே போகலாம் என்பதில் மாஸ்கோவுக்கும் ஒரு குரல் இருக்கட்டும் என்று அவர்களில் யாரும் கேட்டு வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.