அலமாரியில் மடித்து வைக்கப்பட்ட போர்வை: ஒரு கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற உரையைப் பார்த்த ஒருவர் அனுப்பிய கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆகையால் மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இன்று இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "என் அக்காவுக்கு ஓர் ஆஃப்கன் போர்வையை நானே குரோஷே பின்னிப் பரிசாகக் கொடுத்தேன். மிகவும் நெகிழ்ந்துபோய் வாங்கிக்கொண்டார். ஆனால், ஓராண்டு ஆகியும் அது அலமாரியில்தான் இருக்கிறது. அவருக்குப் பிடிக்கவில்லையா? இப்போது தோழியின் கைக்குழந்தைக்கு ஒன்று பின்ன நினைக்கிறேன். எந்தப் பின்னல் மாதிரி நன்றாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். (குரோஷே என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னும் முறை; கையால் பின்னிய போர்வையை ஆஃப்கன் என்பார்கள்.)

மாதிரியைப் பற்றிக் கேட்டவருக்கு நான் துவைப்பதைப் பற்றித்தான் பதில் சொல்லப்போகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்கள் "மறுபடியும் துவைப்பா?" என்று சிரிப்பீர்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

பிடிக்காத பொருளை யாரும் அவ்வளவு கவனமாக மடித்து வைப்பதில்லை. அது எங்கேனும் ஒரு மூலையில் கிடக்கும், அல்லது வேறொருவர் கைக்குப் போயிருக்கும். மடித்து வைத்திருக்கிறார் என்றால், பெரும்பாலும் அவர் பயப்படுகிறார் என்றுதான் பொருள். கறை பட்டுவிட்டால் என்ன செய்வது, துவைத்தால் சுருங்கிவிடுமோ, ஒரு நூல் இழுபட்டால் மொத்தமும் பிரிந்துவிடுமோ, இதையெல்லாம் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கங்கள் பின்னத் தெரியாதவருக்கு இயல்பாகவே வரும். அந்தப் பயத்தைப் பரிசோடு சேர்த்துக் கொடுத்தவர்கள் நாம்தான் என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி தன் நெருங்கிய தோழிக்குத் தூய கம்பளி நூலில் மிக அழகான போர்வை ஒன்றைப் பின்னிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் அதை மற்றத் துணிகளோடு வெந்நீரில் இயந்திரத்தில் போட்டுவிட்டார். கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உராய்வும் சேரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, துணி சுருங்கித் தடித்துவிடும். அப்படி இறுகியதை மீட்க வழியே இல்லை. போர்வை போனது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தோழி வெட்கப்பட்டுக்கொண்டு பல மாதங்கள் இவரைச் சந்திப்பதையே தவிர்த்தார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு இருவரும் சமாதானமாகி, அந்தத் தடித்த துணியை வெட்டி இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

ஆகவே, நூல் வாங்குவதற்கு முன் துவைக்கப்போகும் கையை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இயந்திரத்தில் போடுகிறவர் என்றால் அக்ரிலிக் என்ற செயற்கை நூலே பொருத்தம்; அது எடை குறைந்தது, விரைவில் உலரும், கம்பளி உடலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தொல்லை தராது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது, ஏனெனில் சூட்டில் இழை இளகித் துவண்டுவிட்டால் பழைய துள்ளல் திரும்பாது. கம்பளிதான் வேண்டும் என்றால், செதில்கள் பற்றிக்கொள்ளாதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் வகையைத் தேடுங்கள். பருத்தி நூல் தோலுக்கு இதமானது. ஆனால் பெரிய போர்வை நனைந்தால் கனத்துவிடும், கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டுவிடும். அக்ரிலிக்கை மட்டமானது என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வாரந்தோறும் துவைக்கப்படும் அக்ரிலிக் போர்வையை, பெட்டிக்குள் உறங்கும் உயர்ந்த கம்பளியைவிட மேலாக மதிக்கிறேன்.

பின்னுகிறவரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நடுத்தரத் தடிமன் நூலும் 5 மி.மீ. ஊசியும் கொண்டு, 130 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் உள்ள போர்வையைப் பின்னுவதாக வைத்துக்கொள்வோம். 10 செ.மீ.க்கு 13 தையல், 7 வரிசை என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 18,000 தையல்கள் வரும். ஸ்வெட்டர்போல இரண்டு ஊசியால் பின்னுவதை இயந்திரம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. குரோஷேயை அப்படியே போடும் இயந்திரம் இன்றும் வணிக அளவில் இல்லாததால், அத்தனை தையலும் ஒரு மனிதக் கையிலிருந்துதான் வர வேண்டும். இவ்வளவு உழைத்தவர் "பயன்படுத்துகிறாரா?" என்று எட்டிப் பார்ப்பது இயற்கை. இருந்தாலும், அந்த 18,000 தையல்களைப் போடச் சொல்லிப் பரிசு பெற்றவர் நம்மைக் கேட்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எல்லாருக்கும் பெரிய போர்வை தேவையுமில்லை; உட்கார்ந்து படிப்பவருக்கு மடியை மூடும் 90க்கு 120 செ.மீ. அளவு தாராளமாகப் போதும்.

நூல் போதுமா என்ற கவலை உள்ளவர்களுக்கு, ஒரு மூலையில் தொடங்கி எதிர்மூலையில் முடியும் சாய்வுப் பின்னலைச் சொல்வேன். சதுரப் போர்வை என்றால், கையிலுள்ள நூலில் சரிபாதி தீரும்வரை வரிசைகளை அகலப்படுத்திக்கொண்டே போய், அதன்பின் குறைத்துக்கொண்டே வந்தால், நூல் ஏறக்குறைய சரியாக முடிந்துவிடும். எடை பார்க்க ஒரு சமையலறைத் தராசு போதும். ஓரப் பின்னலுக்கு மட்டும் முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவைத்துவிடுங்கள். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னும் கிரானி சதுரங்களை இணைப்பதும் மிச்ச நூலுக்கு உகந்ததே. ஆனால், ஒவ்வொரு சதுரத்துக்கும் நூல்முனைகள் உண்டு, அவற்றைச் செருகும் வேலை பலரைக் கைவிடச் செய்திருக்கிறது. முனையை 15 செ.மீ. அளவு விட்டு, தையல்களுக்குள் ஒரு திசையில் செலுத்தி, திருப்பி, மறுபடியும் திருப்பிச் செருகினால்தான் துவைப்பைத் தாங்கும். பார்த்தீர்களா, எதைத் தொட்டாலும் துவைப்பில்தான் வந்து நிற்கிறேன்.

சரி, அக்காவின் போர்வைக்கு வருவோம். "ஏன் பயன்படுத்தவில்லை?" என்று கேட்காதீர்கள்; அது குற்றச்சாட்டாகவே அவர் காதில் விழும். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகும்போது நீங்களே எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள், பிறகு அவரோடு சேர்ந்தே அதைத் துவைத்துக் காயப்போடுங்கள். எந்த நூல், எந்த வெப்பம், எப்படி உலர்த்துவது என்பதை ஒரு சிறு துணிப்பட்டையில் எழுதி ஓரத்தில் தைத்துவிடுங்கள். கூடவே அதே நூலில் ஒரு சிறு கண்டைக் கொடுத்து, "எங்காவது இழுபட்டால் சொல்லுங்கள், நான் சரிசெய்து தருகிறேன்" என்று சொல்லிவையுங்கள். இந்தப் பட்டையும் கண்டும் இல்லாத போர்வையை முடிந்த பரிசாக நான் கருதுவதே இல்லை.

தோழியின் குழந்தைக்கு, விரல் நுழையும் துளைகள் இல்லாத நெருக்கமான பின்னல் எதுவாயினும் சரி. ஒற்றைக் குரோஷே என்ற குட்டையான தையலையும், அதைவிடச் சற்று உயரமான அரை இரட்டைக் குரோஷேயையும் மாற்றி மாற்றிப் போட்டாலே போதுமானது. குஞ்சமும் பொத்தானும் வேண்டாம், அவை வாய்க்குப் போகும். ஓராண்டு நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. எனவே, குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர் பார்வையில் தரையில் விரித்துக் கிடத்தவும் தள்ளுவண்டியில் கால்மேல் போர்த்தவும் ஏற்றபடி 75க்கு 90 செ.மீ. அளவில் பின்னி, அந்த எச்சரிக்கையையும் பட்டையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.