எம்டனுக்கு 156 வருஷம் முன்னாடி: பாரிமுனை போர்க்களமா இருந்த மார்கழி

வணக்கம் மக்களே! மெட்ராஸ்ல குண்டு விழுந்த கதைன்னா, ராயபுரம், மண்ணடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் எம்டன்னுதான் சொல்வாங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து, கொஞ்ச நேரம் சுட்டுட்டுப் போன ஜெர்மன் கப்பல். ஆனா 1758 டிசம்பர்ல ஆரம்பிச்சு ரெண்டு மாசம் இந்த ஊரை பிரெஞ்சுப் படை முற்றுகை போட்டிருக்கு. களம் எங்கே? நீங்க பஸ் மாறுற பாரிமுனையும், எதிர்ல இருக்கிற ஐகோர்ட்டும்தான்.

பின்னணி சட்டுன்னு பார்த்துடலாம். பிரெஞ்சுத் தளபதி லாலி, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இங்கிலீஷ் கவர்னர் பிகாட், அவங்க படைக்குத் தலைவர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ். வெளியிலேர்ந்து பிரெஞ்சுக்காரங்களுக்கு வர்ற தானியத்தையும் மாட்டையும் மறிச்சவங்கள்ல நம்ம யூசுப் கான், அதாவது மருதநாயகமும் ஒருத்தர்.

ஏன் மார்கழி? காத்துதான் காரணம். அப்போ இங்கே துறைமுகம் கிடையாது. வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கிறப்போ திறந்த கடல்ல நங்கூரம் போட்டு நிக்கிறது ஆபத்து. அதனால இங்கிலீஷ் போர்க்கப்பல்கள் பம்பாய்க்குப் போயிடும். கடல் பக்கம் காவல் இல்லாத அந்த இடைவெளியிலதான் லாலி வந்தார். 1759 பிப்ரவரி 16 அன்னிக்கு ஆறு இங்கிலீஷ் கப்பல் கண்ணுல பட்டுச்சு. மறுநாளே பிரெஞ்சுப் படை பீரங்கிகளையும் காயம்பட்டவங்களையும் விட்டுட்டுக் கிளம்பிடுச்சு.

[திரையில்: பழைய ஜெயில் ரோடு]

சரி, எப்படிப் பார்க்கிறது? சனிக்கிழமை வச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை கோட்டை மியூசியம் லீவு, ஞாயிறு காலையில சர்ச்ல ஆராதனை. ஆறரை மணிக்கே ஆரம்பிச்சா ஜார்ஜ் டவுன்ல தள்ளுவண்டியும் லாரியும் வர்றதுக்குள்ள நடந்துடலாம். முதல்ல பாரதி பெண்கள் கல்லூரிக்கு எதிர்ல மாடிப் பூங்கா. பிளாக் டவுன், அதாவது இன்னிக்கு ஜார்ஜ் டவுன், அதைச் சுத்தியிருந்த மதில்ல மிஞ்சின துண்டு அது. முற்றுகைக்குப் பிறகு, 1769 வாக்குல கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்ட் கட்ட ஆரம்பிச்சது. அந்தச் செலவுக்காக யோசிச்ச வரியோட பேருதான் வால்டாக்ஸ் ரோடு! பூங்கா பூட்டியிருந்தா கவலைப்படாதீங்க, மதில் ரோட்டுலேர்ந்தே தெரியும்.

அங்கேர்ந்து தெற்கே, தம்பு செட்டித் தெரு வழியா பாரிமுனை. பாரி கம்பெனி கட்டடமான டேர் ஹவுஸ் ஓரத்துல ஒரு கல் தூண் நிக்குது, தேடிப் பாருங்க. 1773 ஜனவரி 1 தேதி போட்டது. கோட்டைக்கும் ஊருக்கும் நடுவுல யாரும் வீடு கட்டக் கூடாதுன்னு நட்ட ஆறு தூண்ல மிஞ்சினது இது ஒண்ணுதான். அந்தத் தடை ஏன் வந்துச்சுன்னா, எதிரி வீடுகளுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு சுட்ட அனுபவம்!

[திரையில்: செயின்ட் மேரிஸ் சர்ச் முற்றம்]

இப்போ இந்த வீடியோவோட உயிர் எதுவோ, அங்கே வந்துட்டோம். கோட்டைக்குள்ள 1680ல திறந்த செயின்ட் மேரிஸ் சர்ச். குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு கூரையை வளைவாக் கட்டியிருக்காங்க. அதை அப்புறம் பாருங்க, முதல்ல தரையைப் பாருங்க. முற்றம் பூரா கல்லறைக் கல்லு! ஆனா கீழே யாரும் இல்லை. இங்கிலீஷ்காரங்களோட பழைய இடுகாடு இருந்தது ஐகோர்ட்டை ஒட்டின பழைய சட்டக் கல்லூரி வளாகத்துல. முற்றுகையப்போ அந்தச் சமாதிகளைத்தான் பிரெஞ்சு வீரர்கள் மறைப்பா வச்சுகிட்டாங்க. சண்டை முடிஞ்சதும், இனி இந்த மறைப்பே வேணாம்னு சமாதிகளை இடிச்சு, எழுத்துள்ள பலகைக் கல்லை மட்டும் தூக்கிட்டு வந்து இங்கே பாவிட்டாங்க. அங்கேயே விட்டவங்கள்ல ரெண்டு பேரு: கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ், அப்புறம் டேவிட் யேல். அமெரிக்க யேல் பல்கலைக்கழகப் பேருக்குக் காரணமான எலிஹு யேலோட குழந்தை அது. என்னைக் கேட்டா, மியூசியத்துல இருக்கிற எந்த பீரங்கியை விடவும் இந்தத் தரைதான் முற்றுகைக்கு நேரடி சாட்சி.

கல்லைப் படிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. உச்சி வெயில்ல எழுத்து தட்டையாயிடும், ஒண்ணும் தெரியாது. காலை வெயில் சாய்வா விழுறப்போ ஒவ்வொரு வெட்டுலயும் நிழல் விழும். டிசம்பர்ல சூரியன் தெற்கே சாஞ்சிருக்கும், அதனால சர்ச்சுக்கு வடக்கே நிழல்தான். அங்கே மொபைல் டார்ச்சைத் தரையோட தரையா, பக்கவாட்டுல பிடிங்க. நேரா மேலேர்ந்து அடிச்சா பிரயோஜனமில்லை. சாக்பீஸ் தேய்க்கிறதோ, தண்ணி ஊத்தித் துடைக்கிறதோ வேணவே வேணாம், எழுத்துதான் அழியும். மழை பெஞ்ச மறுநாள் கல்லு வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பு போட்டுக்கோங்க. லத்தீன், போர்ச்சுகீசிய எழுத்தெல்லாம் கிடைக்கும். படம் எடுக்கிறதுக்கு முன்னாடி காவலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

முக்கியமான விஷயம்: கோட்டைக்குள்ள தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கு. வாசல்ல சோதனை உண்டு, ஒரிஜினல் அடையாள அட்டை எடுத்துட்டுப் போங்க, பெரிய பையைத் தவிருங்க. யேல் சமாதி கோர்ட் வளாகத்துக்குள்ள இருக்கிறதால நினைச்ச உடனே போய்ப் பார்க்க முடியாது. அதை நம்பி நேரத்தை ஒதுக்காதீங்க. புயல் எச்சரிக்கை இருந்தா அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப் போடுங்க.

வடசென்னை மக்களே, மாடிப் பூங்காவைத் தவிர உங்க தெருப் பக்கம் பழைய மதில் துண்டு எங்கேயாவது நிக்குதா? இடத்தோட கமென்ட்ல போடுங்க.