கண்ணாடியைத் துடைத்துவிட்டு வைப்பரை மாட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் கார் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் நான். மழைக்கு முன் காரை எப்படித் தயார் செய்வது என்று பேசச் சொன்னார்கள். பிரேக், டயர் பற்றியெல்லாம் சொல்வதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் முன் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரின் ரப்பர் பட்டையை, அதாவது வைப்பர் பிளேடை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி பிறந்து முதல் மழை கொட்டிய மறுநாள் கடைக்கு வருகிறவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "அண்ணா, போன மாசம்தான் புது பிளேடு மாத்தினேன். இப்பவே கோடு கோடா விழுது. டூப்ளிகேட் கொடுத்து ஏமாத்திட்டான்." ஏமாற்றியும் இருக்கலாம். ஆனாலும் நான் முதலில் பார்ப்பது கண்ணாடியைத்தான். நம்ம பக்கத்துக் காற்றில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், போதாததற்குக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் உப்பு. புகை, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிகிறது. வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி மழையில் எதிரே லாரி லைட் அடித்தால் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றுங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் விரிப்பு மாதிரி பரவி இறங்கும். பிசுக்கு இருந்தால் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும். மெழுகு பாலிஷ் போட்டிருந்தாலும் அப்படித்தான் நிற்கும், வைப்பர் அதன்மேல் தத்தித் தத்திப் போகும். கார் ஷாம்பு போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, சுத்தமான பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு புது பிளேடைப் பிரியுங்கள். சிலர் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்த துணியால் துடைக்கிறார்கள். அது பிசுக்கை எடுத்துவிட்டுத் தன் பிசுக்கை வைத்துவிட்டுப் போகும், இயற்கை ரப்பரை ஊதவும் வைக்கும்.

அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி 1903ஆம் ஆண்டு வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருந்து கைப்பிடியைத் திருப்பினால் வெளியே ரப்பர் வைத்த கை கண்ணாடியைத் துடைக்கும். இன்றைக்கு மோட்டார் வந்துவிட்டது, ஆனால் ஒரு ரப்பர், அதைப் பிடிக்க ஒரு கை, அழுத்த ஒரு விசை என்ற மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. கோளாறும் இந்த மூன்றில்தான் வரும். நாம் ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

ஜி.பி. ரோடிலோ புதுப்பேட்டையிலோ பிளேடு வாங்கப் போகிறவர்கள் கார் பெயரைச் சொல்லிவிட்டு நிற்கிறார்கள். பழைய பிளேடின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று நினைக்காதீர்கள், ஓட்டுநர் பக்கம் பெரும்பாலும் நீளம் அதிகம். பெட்டியில் அங்குலமும் மில்லிமீட்டரும் போட்டிருக்கும். 24 அங்குலம் என்றால் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். "கொஞ்சம் பெரிசா போட்டா நிறைய துடைக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். நீளம் கூடினால் ஓரச் சட்டத்தில் இடிக்கும், இல்லையென்றால் இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று மோதும்.

அடுத்து, பிளேடைத் தாங்கி நிற்கும் வைப்பர் கை முடிகிற இடத்தைப் பாருங்கள். நம்ம ஊர் கார்கள் பலவற்றில் அது வளைந்த கொக்கி. வெளிநாட்டு மாடல்கள் சிலவற்றில் பொத்தான், பக்கவாட்டுப் பின் என்று வேறு வேறு வரும். கார் கம்பெனி அல்லாத வேறு கம்பெனி பிளேடு பெட்டியில் நாலைந்து பிளாஸ்டிக் கிளிப் போட்டிருப்பார்கள். அதில் உங்கள் வண்டியின் வைப்பர் கைக்கானது ஒன்றுதான். மற்றதைத் தூக்கி எறிந்தாலும் பரவாயில்லை, பொருந்தாததை அமுக்கித் திணிக்காதீர்கள்.

இரும்புச் சட்டம் வைத்த பிளேடா, சட்டமில்லாத தட்டை பிளேடா என்று கேட்பார்கள். கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு நான் தட்டையைத்தான் சொல்வேன். சட்டத்தின் மூட்டுகளில் உப்பு ஏறித் துருப்பிடித்தால் கண்ணாடி வளைவுக்கேற்ப அது மடங்காது, நடுவில் துடைக்காத பட்டை விழும். சட்டம் கெட்டியாக இருந்தால் ரப்பர் மட்டும் மாற்றுவதும் நல்ல வேலைதான், காசும் மிச்சம்.

மாட்டுவது ஐந்து நிமிட வேலை. சாவியை எடுத்துவிடுங்கள். முன் கண்ணாடிமேல் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். பிளேடைக் கழற்றிய கை, ஸ்பிரிங் விசையோடு கண்ணாடியில் விழுந்தால் எலிப்பொறி மாதிரிதான் அடிக்கும். ஆயிரக்கணக்கில் செலவு. வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தி, பிளேடைக் குறுக்காகத் திருப்பி, கொக்கி வளைவுக்குள் இருக்கும் சின்ன லாக்கை அமுக்கிக்கொண்டு பிளேடைக் கையின் அடிப்பக்கமாகத் தள்ளினால் கழன்று வரும். புதியதை எதிர்த்திசையில் இழுங்கள். "டக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ரப்பர்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும், அதைக் கழற்றாமலே ஓட்டிக்கொண்டு வந்து "துடைக்கவே இல்ல" என்று சண்டை போட்டவர்களும் உண்டு. விரலில் கறுப்பாக ஒட்டினால் பயப்படாதீர்கள். பல பிளேடுகளில் கிராபைட் பூச்சு இருக்கும், அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது.

கையை மெதுவாக இறக்கி, தண்ணீர் அடித்து ஓடவிட்டுப் பாருங்கள். போகும்போது சுத்தமாகத் துடைத்து, திரும்பும்போது மட்டும் கடகடவென்று குதித்தால் பெரும்பாலும் கை முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். ரப்பரின் விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபக்கம் சாய வேண்டும். கை கோணலாக இருந்தால் சாயாது. எந்தக் கம்பெனி பிளேடு போட்டாலும் அதே கதைதான். மெக்கானிக்கிடம் காட்டுங்கள், கையை லேசாகத் திருப்பி நேராக்கிவிடுவார். ஓரிடத்தில் மட்டும் எப்போதும் தண்ணீர் தங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பழையதில் ரப்பர் கிழியாமல் இருந்தால் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் நடுராத்திரி மழையில் பிளேடு பறந்துபோனால் அங்கே கடை எதுவும் திறந்திருக்காது. வணக்கம்.