பென்சிலுக்கு முன்னால் நெத்தலி

அன்பான தாய்மாரே, தந்தையரே, முன்பள்ளி ஆசிரியைகளே, மண்டூர்ப் பக்கமிருந்து பாதை என்கிற படகேறி வாவி கடந்து களுவாஞ்சிக்குடிக்கு வந்திருக்கிறவர்களே, வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். "டீச்சர், மகனுக்கு நாலு வயதாகப் போகிறது. இன்னும் 'அ' எழுத வரவில்லை" என்றார். "சட்டைப் பொத்தானைத் தானாகப் பூட்டுவாரா?" என்று கேட்டேன். "நேரம் போய்விடும், நான்தான் பூட்டிவிடுவேன்" என்றார். அந்தப் பொத்தானைப் பற்றி, எழுதுவதற்கு முன்னால் பிள்ளையின் கைக்கு வரவேண்டிய பலத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் 'அ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒரு சுழி, வளைந்து இறங்கும் வயிறு, குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு நிமிர்ந்த கோடு. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதளவில்தான் பார்த்து ஒரு வட்டம் போடுகிறார்கள். கூட்டல் அடையாளம் நான்கு வயதளவில் வரும், முக்கோணம் ஐந்தளவில். நெடுங்கணக்கின் முதலெழுத்து என்பதற்காக 'அ' கைக்கும் முதலெழுத்து ஆகிவிடாது. 'ட' இரண்டே கோடுகள், 'ப' மூன்று. அங்கே தொடங்குங்கள்.

கையின் அமைப்பும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் மணிக்கட்டின் எட்டும் பிறக்கும்போது வெறும் குருத்து. ஒவ்வொன்றாக எலும்பாகத் தொடங்கி, கடைசி ஒன்று தொடங்கவே ஒன்பது, பத்து வயதாகலாம். விரல்களை மடக்குகிற பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. கரைவலை கடலுக்குள் கிடக்க, இழுக்கிறவர்கள் கரையில் நிற்பதைப் போல. இழுக்கிற ஆள் பலமில்லாமல் வலை வராது. அதனால்தான் மரமேறுவதும், மணல் தோண்டுவதும், வாளியில் தண்ணீர் தூக்குவதும் எழுத்துப் பயிற்சிதான் என்று சொல்கிறேன். கைபேசியில் விரலைத் தேய்ப்பதில் இந்தப் பலம் வராது. அங்கே கனமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

என் மூத்த மகனுக்கு மூன்றரை வயதில் நான் ஒரு தவறு செய்தேன். அவன் போன முன்பள்ளியில் பக்கம் பக்கமாக எழுதக் கொடுத்தார்கள், வீட்டில் நான் இன்னும் இரண்டு பக்கம் கொடுத்தேன். அவன் பென்சிலைக் கைப்பிடிக்குள் இறுக்கி, தாள் கிழியும்வரை அழுத்துவான். ஒரு நாள் கொப்பியைக் காணவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். என் அம்மா என்னோடு வாதாடவில்லை. அவனைப் பக்கத்தில் இருத்தி, சுளகில் நெத்தலி மீனைக் கொட்டி, தலை கிள்ளக் கொடுத்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் கிள்ள, நடுவிரல் தாங்கும். பென்சில் பிடிக்கிற பிடியே அதுதான்! அதைக் கண்டுகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

எங்கள் அடுக்களையில் என்னதான் இல்லை? கீரை ஆய்வது, உள்ளி உரிப்பது, ரொட்டிக்கு மா குழைப்பது, தேங்காய்ப் பூவைப் பிழிந்து பால் எடுப்பது. கொடியில் காயும் உடுப்புக்குக் கிளிப் போடுவது விரல் நுனிக்கு நல்ல பயிற்சி. அம்மம்மா பன்புல்லில் பாய் இழைக்கிற வீடென்றால் மிச்சப் பன்னில் நாலைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பின்னும்போது இரண்டு கைகளும் இரண்டு வேலை செய்யப் பழகுகின்றன. கொஞ்சம் வளர்ந்தவர்களுக்குத் தென்னோலைக் காற்றாடி, கல்லை எறிந்து பிடிக்கிற கொக்கான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் புளியங்கொட்டை, கச்சான், மணி எதையும் தனியாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். குன்றிமணி எந்த வயதிலும் வேண்டாம், அது நஞ்சு.

இடக்கைப் பிள்ளையை அடித்து வலக்கைக்கு மாற்றாதீர்கள். ஆனால் ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை மடக்கியே வைத்திருந்தால், கிளினிக்கில் உடனே சொல்லுங்கள்.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். பென்சில் அங்கே இல்லை. விரல் அரிசியைத் தள்ளுகிறது, அரிசி விரலைத் தடுக்கிறது, எழுத்தின் வடிவம் தோலுக்குத் தெரிகிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமில் தொடங்கிய பள்ளியில் சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவ வைத்ததும் இதற்காகத்தான். அவர் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் முன்பள்ளிகள் மூன்று வயதில் கொப்பி நிரப்பச் சொல்வது எனக்கு வேதனை தருகிறது. அதைக் கேட்டு வாங்குகிற பெற்றோரும் நாங்கள்தான். அரிசித் தட்டை அந்த ஒரு நாளோடு எடுத்து வைத்துவிடாதீர்கள். ஓராண்டு வையுங்கள். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்தால்தான் தரம் ஒன்று. அதுவரை நேரம் இருக்கிறது.

பின்வரிசையில் மூன்று சுளகில் நெத்தலியும், ஒரு பெட்டியில் பொத்தான் வைத்த பழைய சட்டைகளும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளை அனுப்புங்கள். நீங்களும் பக்கத்தில் வந்து இருங்கள். எவ்வளவு நேரமானாலும் அவர்களுடைய கையைப் பிடிக்காதீர்கள்.