இடிந்த தூணைப் பார்க்க இவ்வளவு தூரம் போகணுமா?

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பைக் கேட்டதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள், வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் கூடுகிற இடத்தில் வந்து இப்படியா கேட்பது என்று. ஆனால் கிரீஸுக்கு டிக்கெட் போட்டவர்கள் பலரும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருக்கிற கேள்வி இதுதான். கையில் ஒரு வார லீவு, சாண்டோரினியும் பார்த்தாக வேண்டும், டூர்க்காரரோ அக்ரோபொலிஸ், கொரிந்த், மைசீனி, டெல்பி, ஒலிம்பியா என்று பழைய இடிபாடுகளாக வரிசையாக நீட்டுகிறார். மூன்றாவது இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வீட்டுக்காரர்கள் "மறுபடியும் கல்லா?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். நேரில் போய் நின்றால் மட்டுமே கிடைக்கிற ஏதாவது அங்கே மிச்சம் இருக்கிறதா? மலைச்சரிவு, எதிரொலி, கல்லில் வெட்டிய எழுத்து, எதுவாகவும் இருக்கலாம். இருந்தால் எவ்வளவு தொலைவானாலும் போங்கள். அஸ்திவாரமும் தகவல் பலகையும்தான் என்றால், பேர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெரிய பேர் என்றதும் ஸ்பார்ட்டா, ஏதென்ஸோடு மோதிய போர்வீரர்களின் ஊர். கிமு ஐந்தாம் நூற்றாண்டிலேயே தூசிடிடீஸ் என்ற ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் இதை எழுதிவிட்டார்: ஸ்பார்ட்டா ஒருநாள் ஆளில்லாமல் போய், கோயில்களும் அஸ்திவாரங்களும் மட்டும் மிஞ்சினால், இந்த ஊரா அவ்வளவு பலத்தோடு இருந்தது என்று பின்னால் வருபவர்கள் நம்பமாட்டார்கள், ஏதென்ஸுக்கு அதே கதி வந்தால், இருந்ததைப்போல இரண்டு மடங்கு பலம் இருந்ததாக நினைத்துக்கொள்வார்கள். அப்படியேதான் நடந்தது. இன்று ஸ்பார்ட்டாவில் ஒலிவ மரங்களுக்கு நடுவே ஒரு பழைய நாடக அரங்கின் மிச்சமும் சில சுவர்களும்தான். அந்தப் பக்கம் போனால் பக்கத்தில் மிஸ்ட்ராஸ் மலைக்கு ஏறுங்கள், அது பைசாந்தியர் காலத்து, அதாவது இடைக்காலத்து ஊர், இன்னும் பார்க்க நிறைய இருக்கிறது.

சரி, அக்ரோபொலிஸ், ஏதென்ஸ் நடுவே பழைய கோயில்கள் நிற்கிற குன்று. போகாமல் இருக்க முடியாது, அதனால் போகலாமா என்ற வாதத்தையே நான் எடுக்கவில்லை. அங்கே போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் சொல்வது என்ன? கூட்டம், வெயில், சாரம் கட்டியிருக்கிறார்கள், அங்கே உள்ள பெரிய கோயிலான பார்த்தினனுக்கு உள்ளே விடுவதில்லை. நான்குமே உண்மை. ஆனால் கடைசிக் குறையைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கக் கோயிலில் பலிபீடம் வெளியேதான் இருந்தது, விழாவும் பலியும் விருந்தும் எல்லாம் வெளியே. உள்ளே இருந்தது தெய்வச் சிலையும் காணிக்கைச் செல்வமும். நம்மைப்போலக் கோயில் என்றால் உள்ளே போய்க் கும்பிட்டே பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், ஆனால் வெளியே நின்று அண்ணாந்து பார்க்கும்போது நீங்கள் ஏறக்குறைய ஒரு சாதாரண ஏதென்ஸ்காரர் நின்ற இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

சாரத்தையும் திட்டாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பலானோஸ் என்ற பொறியாளர் உடைந்த கற்களை இரும்புக் கம்பியால் இணைத்துத் தூக்கி நிறுத்தினார். பழைய ஆட்களும் இரும்பைத்தான் போட்டார்கள், ஆனால் துரு ஏறாமலிருக்க அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். இவர் அதைச் செய்யவில்லை. இரும்பு துருப்பிடித்து உப்பி, கிமு 447இல் தொடங்கிக் கட்டிய பளிங்கை உள்ளிருந்தே பிளக்க ஆரம்பித்தது. இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து டைட்டானியம் போடுகிறார்கள். தூணில் தேன் நிறத்துக்கு நடுவே பளிச்சென்று வெள்ளை ஒட்டு தெரிகிறதே, அதுவும் அதே பென்டெலி மலைப் பளிங்குதான், புதிதாக வெட்டியது. அப்புறம் அடித்தளத்தின் மூலையில் குனிந்து விளிம்பை ஒட்டிக் கண்ணை ஓடவிட்டுப் பாருங்கள். நேர்கோடு என்று நினைத்தது நடுவில் மேலே வளையும், நீளமான பக்கத்தில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். போட்டோவில் இது நேரில் பார்ப்பதுபோல வராது.

கீழே உள்ள அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தைத் தவறவிட்டால் பாதிதான் பார்த்த மாதிரி. மேலே பார்த்தினனுக்குப் பக்கத்துக் கோயிலில் தூணாக நிற்கும் பெண் சிலைகள் எல்லாம் நகல்கள். அசல் ஐந்து இங்கே, ஆறாவது லண்டனில், பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபு கொண்டுபோனது. அதற்கான இடத்தை இங்கே காலியாகவே விட்டு வைத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள் என்று வாதம் செய்வதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஏதென்ஸைத் தாண்டி ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் நான் சொல்வது டெல்பி, அந்தக் காலத்தில் அப்பல்லோ தெய்வத்திடம் குறி கேட்கப் போன இடம். ஏறக்குறைய 180 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரம் போல ஆகும். அப்பல்லோ கோயிலில் ஆறு தூண்களைத்தான் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள், அதிலும் பல பாதித் தூண்கள், கட்டடம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் செங்குத்துப் பாறை, கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஒலிவ மரங்கள், அது போய்க் கடலில் முடிகிறது. குறி கேட்க இங்கே ஏன் வந்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த இடிபாடுகளின் மேல் ஒரு கிராமமே இருந்தது, காஸ்திரி என்று. 1892இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்ட வந்தபோது அந்த ஊரையே பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். (அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கற்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.)

கோயிலின் கீழே ஒரு தாங்குசுவர் இருக்கிறது, எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம். கற்களின் ஓரங்கள் நேராக இல்லாமல் வளைந்து வளைந்து ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். கிட்டே போய்ப் பாருங்கள், முகப்பு முழுக்கப் பொடி எழுத்து. நூற்றுக்கணக்கான அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள் அவை. அடிமையை அப்பல்லோவுக்கு விற்பதாக எழுதுவார்கள், விலை இவ்வளவு, சாட்சி இன்னார். தெய்வம் வாங்கிவிட்டதால் இனி வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பலவற்றில் ஒரு கொக்கியும் உண்டு: பழைய எஜமான் சாகும்வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும். ஜனநாயகம், தத்துவம் என்று நாம் கேட்டு வளர்ந்த கிரேக்கத்தின் மறுபக்கம் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கிறது, அதற்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எபிடாரஸ் அரங்கத்துக்கு அதிகம் பேச வேண்டாம். 55 வரிசைப் படிகள், நடுவட்டத்தில் நின்று பேசினால் மேலே வரை கேட்கிறது. கோடை விழாவில் இன்றும் அங்கே நாடகம் போடுகிறார்கள், தேதி பொருந்தினால் மாலையில் டிக்கெட் வாங்கிப் போங்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கிரீட் தீவின் நொசோஸ் அரண்மனையில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற சிவப்புத் தூண்கள் அதைத் தோண்டியெடுத்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் ஈவான்ஸின் கட்டுமானம், பல இடங்களில் கான்கிரீட். எனக்கு அது ஒட்டவில்லை. நேரம் குறைவென்றால் அதே தீவில் உள்ள ஹெராக்லியோன் அருங்காட்சியகம் போதும். கிரேக்கக் கோயில் முழுசாக நிற்பதைப் பார்க்க ஆசை என்றால் இத்தாலிக்குப் போகலாம், பெஸ்டம், அக்ரிஜென்டோ எல்லாம் கிரேக்கர்கள் குடியேறிக் கட்டிய ஊர்கள்தானே. சிசிலியின் சிரக்யூஸில் அதீனா கோயிலின் தூண்கள் கத்தீட்ரல் சுவருக்குள்ளேயே நிற்கின்றன, பூசை இன்றும் நடக்கிறது.

வெயிலைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஜூலை, ஆகஸ்டில் இந்த இடங்கள் பலவற்றில் நிழல் ரொம்பக் குறைவு. 2023, 2024 கோடை வெப்ப அலைகளில் அக்ரோபொலிஸையே பகலில் பல மணி நேரம் மூடினார்கள். நுழைவுக்கு நேரம் குறித்து முன்பதிவு வேறு. காலை முதல் நேரத்தைப் பிடியுங்கள், மேலே பளிங்குப் படிகள் தேய்ந்து வழுக்கும், செருப்பு வேண்டாம், வழுக்காத ஷூ போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். போகலாம், ஆனால் ஒலிம்பியாவுக்கு, பழைய ஒலிம்பிக் போட்டி நடந்த இடம். ஏதென்ஸிலிருந்து ஒருநாளில் போய்த் திரும்புவது கஷ்டம், ஒரு இரவு தங்குவது நல்லது. சேயுஸ் கோயிலின் தூண்கள் நிலநடுக்கத்தில் விழுந்து, வாழைத்தண்டை வட்டவட்டமாக நறுக்கிப் பரப்பிய மாதிரி கிடக்கும், பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிள்ளைகளை நேராக மைதானத்துக்கு விடுங்கள். அங்கே மண்ணில் பதித்த கல் வரிசை ஒன்று இருக்கிறது, ஓட்டக்காரர்கள் கால் விரலைப் பொருத்திக்கொள்ள இரண்டு பள்ளக் கோடுகள் வெட்டியிருப்பார்கள். ஓடுதளம் 192 மீட்டர். ஓடிக் களைத்து வந்தால் தண்ணீர் கொடுங்கள், அருங்காட்சியகத்தை வெயில் ஏறினபிறகு வைத்துக்கொள்ளலாம்.