வாழைப்பழத்தின் வளைவும் பிரித்தானியாவின் வாக்கும்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, இரு அணியினரே, இலண்டன் வாழ் உறவுகளே, வணக்கம். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டுமா, அதில் நிலைத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இந்த 2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் திகதி நாடே வாக்களிக்க இருக்கிறது. நிலைத்திருக்க வேண்டும் என்ற அணியில் நின்று பேசுகிறேன்.

எங்கள் அணியில் பொருளாதாரம் என் பங்கு. பிரித்தானியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 44 சதவீதம் ஒன்றிய நாடுகளுக்கே செல்கிறது என்பதையும், ஒன்றிய நாடுகள் தமக்குள் தடையின்றி வணிகம் செய்யும், 50 கோடி மக்களைக் கொண்ட அந்த ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி முதலாம் திகதி பிறந்தது என்பதையும், அதற்குத் திட்டம் வரைந்தவர் அன்றைய பிரதமர் மார்கரெட் தட்சர் ஒன்றியத்தின் தலைமையகம் உள்ள பிரசெல்ஸுக்கு அனுப்பிவைத்த கொக்ஃபீல்ட் பிரபு என்பதையும் விரித்துரைக்கவே ஆயத்தமாகி வந்தேன். ஆனால் எனக்கு முன்னர் பேசிய எதிரணித் தலைவர் ஐயா இந்த மேடையில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு அவை எழுப்பிய கரவொலி இன்னும் அடங்கவில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் நான் எந்தப் புள்ளிவிபரத்தைச் சொன்னாலும் அது உங்கள் செவிகளில் ஏறாது.

ஐயா சொன்னது இதுதான்: "நாம் உண்ணும் வாழைப்பழம் எவ்வளவு வளைய வேண்டும் என்று பிரசெல்ஸில் ஓர் அதிகாரி அளவுகோலை வைத்துத் தீர்மானிக்கிறான். தன் வாழைப்பழத்தைத் தானே தீர்மானிக்க முடியாத நாடு ஒரு நாடா?" இது ஐயாவின் குரல் மட்டுமில்லை, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும் குரல். இந்த மே மாதம் 17ஆம் திகதி ஸ்டாஃபோர்ட் நகரில் பேசிய, வெளியேற வேண்டும் என்போரின் முன்னணித் தலைவர் பொரிஸ் ஜோன்சன், இரண்டு மூன்று பழங்களுக்கு மேற்பட்ட சீப்பாக வாழைப்பழத்தை விற்பதற்கு ஒன்றியம் தடை போட்டிருக்கிறது என்றே சொன்னார்.

அப்படியானால் அந்தச் சட்டத்தையே பார்ப்போம். 1994ஆம் ஆண்டின் 2257ஆம் இலக்க ஒழுங்குவிதி அது. பழுக்காத பச்சைக் காயாக வந்து இறங்கும் வாழைக்குத் தரம் பிரிக்கும் விதி. நீளம் 14 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, தடிப்பு 27 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, இயல்புக்கு மாறான வளைவு இருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. சொல்லிவிட்டு, முதல் தரத்தில் சிறிய வடிவக் குறையையும் இரண்டாம் தரத்தில் அதைவிடப் பெரிய வடிவக் குறையையும் அனுமதிக்கிறது. ஆகவே வளைந்த பழத்தைக் கடலில் கொட்டச் சொல்லவில்லை, வேறு பெட்டியில் வைத்து வேறு விலைக்கு விற்கச் சொல்கிறது. சீப்பைப் பற்றி அந்த விதி சொல்வதோ ஜோன்சன் சொன்னதற்கு நேர்மாறானது: சீப்பு என்றால் நான்கு பழங்களாவது இருக்க வேண்டும், தனிப் பழமாகவும் வைக்கலாம். நம் கறிக்கு வாங்கும் வாழைக்காய்க்கு அது பொருந்தவே பொருந்தாது.

ஈஸ்ற் ஹாமில் கடை வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். கண்ணால் பாராமல் தொலைபேசியில் நூறு பெட்டி சொல்லி வாங்குகிறீர்களே, அந்தப் பெட்டிக்குள் இருப்பது விரலளவு பிஞ்சா, முற்றிய காயா என்று உங்களுக்கு உறுதி தருவது எது? ஒவ்வொரு நாடும் தன் தன் தர விதியை வைத்திருந்த காலத்தில் வணிகர்களே கேட்டுத்தான் பொது விதி வந்தது. வேண்டாத விதி நீங்குவதும் உண்டு. வெள்ளரிக்காயின் வளைவுக்கு 1988இல் ஒரு விதி போட்டார்கள், 2009இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்காக யாரும் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கவில்லை.

நடுவர் அவர்களே, வாழைப்பழத்தின் கதை இவ்வளவோடு முடிந்தால் நான் பொருளாதாரத்துக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் தானே தீர்மானிக்க முடியாத நாடு ஒரு நாடா என்ற ஐயாவின் கேள்விக்கு, இந்த மேடையில் உள்ள எல்லோரையும் விட நல்ல பதிலை அதே வாழைப்பழம் தருகிறது. சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

1957ஆம் ஆண்டு. உரோமில் ஆறு நாடுகள் கூடி ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கான உடன்படிக்கையை எழுதுகின்றன. நிலக்கரியும் உருக்கும் கோதுமையும் பேசி முடித்த பெரிய தலைவர்கள், இறுதியில் எங்கே முட்டிக்கொண்டார்கள் தெரியுமா? வாழைப்பழத்தில்! மேற்கு ஜேர்மனியின் தலைவர் அடனோவர், தன் மக்கள் இலத்தீன் அமெரிக்க வாழைப்பழத்தைத் தீர்வையின்றிப் பெற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். போரில் தோற்று, பசியில் கிடந்து எழுந்த அந்த மக்களுக்கு வாழைப்பழம் நல்ல காலத்தின் அடையாளமாக இருந்தது. அவருக்காகவே வாழைப்பழத்துக்குத் தனி நெறிமுறை ஒன்று எழுதி உடன்படிக்கையோடு இணைத்தார்கள். பிரான்சுக்குத் தன் கடல்கடந்த தீவுகளில் விளையும் பழம் இருந்தது, ஜேர்மனிக்கு மத்திய அமெரிக்காவின் பழம் இருந்தது, இருவரும் சண்டையிடாமல் ஒரே கடதாசியில் கையொப்பமிட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதே இரு நாடுகளும் குண்டுகளால் பேசிக்கொண்டிருந்தன. அந்தக் கடதாசியில் வாழைப்பழம் இருக்கிறது என்று சிரிப்பவர்களை நான் கேட்கிறேன், வாழைப்பழத்துக்காகப் பேரம் பேசும் ஐரோப்பா உங்களுக்குப் பிடிக்கவில்லையா, பீரங்கியோடு பேசிய ஐரோப்பாதான் வேண்டுமா?

கதை இன்னும் இருக்கிறது. பிரித்தானியா 1973இல் உள்ளே வந்தபோது அதன் கையிலும் ஒரு வாழைக்குலை இருந்தது. செயின்ற் லூசியா, டொமினிக்கா, செயின்ற் வின்சென்ற், கிரெனடா என்ற கரீபியன் தீவுகளின் மலைச்சரிவுகளில், ஒரு குடும்பம் ஒரு சிறு துண்டு நிலத்தில் கையால் வெட்டிச் சுமந்து இறக்கும் வாழை அது. பிரித்தானியா ஆண்ட மண், பிரித்தானியா வாங்கிய பழம். அந்தச் சிறு விவசாயிகளைக் கைவிடக்கூடாது என்ற பிரித்தானியாவின் வேண்டுகோளை முன்னாள் காலனி நாடுகளோடு செய்துகொண்ட 1975இன் லோமே உடன்படிக்கையில் ஐரோப்பா ஏற்றுக்கொண்டது. ஒற்றைச் சந்தை வந்த 1993இல் அந்த ஏற்பாட்டை ஒன்றியம் முழுவதற்கும் விரித்து, இலத்தீன் அமெரிக்காவில் விளையும் பெரும் தோட்டக் கம்பனிகளின் பழத்துக்கு 20 இலட்சம் தொன் என்று வரம்பு கட்டினார்கள்.

இதை யார் எதிர்த்தது? ஜேர்மனி! ஒன்றியத்திலேயே பெரிய நாடு, எல்லோருக்கும் உத்தரவு போடுகிறது என்று எதிரணியின் அக்கா சற்று முன்னர் விரல் நீட்டிச் சொன்ன அதே ஜேர்மனி, தன் பழைய சலுகை போய்விட்டது என்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் படியேறியது. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஜேர்மனி தோற்றது. பிரித்தானியாவும் பிரான்சும் கேட்ட ஏற்பாடு நின்றது. கிரெனடாவின் மலையில் ஒரு தாய் நட்ட வாழைக்காக ஐரோப்பாவின் மிகப் பெரிய பொருளாதாரம் நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. பிரசெல்ஸ் ஆணையிட, இலண்டன் தலையாட்டுகிறது என்று இனியும் சொல்வீர்களா, அக்கா?

அதன் பிறகு அமெரிக்கா வந்தது. தன் நாட்டில் ஏற்றுமதிக்கென்று வாழை பயிரிடாத அமெரிக்கா, தன் கம்பனிகளுக்காக உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 1997இல் வென்று, 1999இல் 19 கோடி டொலர் பெறுமதியான ஐரோப்பியப் பொருட்களுக்கு நூறு வீதத் தீர்வை விதித்தது. அப்போதும் ஐரோப்பா ஒரே நாளில் அந்தத் தீவுகளைக் கைகழுவவில்லை. 2009 வரை பேசிப் பேசியே அந்தப் பிணக்கை முடித்தார்கள். சலுகை படிப்படியாகத் தேய்ந்து அந்த விவசாயிகள் பலர் நொடிந்துபோனார்கள் என்பதும் உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆயினும் அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் எதிரே பிரித்தானியா தன்னந்தனியே நின்றிருந்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடித்திருக்கும்? சென்ற மாதம் இலண்டனுக்கு வந்த அதிபர் ஒபாமா, வெளியேறினால் வர்த்தக உடன்பாட்டுக்குப் பிரித்தானியா வரிசையின் கடைசியில் நிற்க நேரிடும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே!

ஒன்றியத்தில் குறையே இல்லை என்று சொல்லும் அணி எங்களுடையதில்லை. கடன் நெருக்கடியில் கிரேக்கத்து மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து வருந்தியவர்கள்தான் நாங்களும். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த நாங்கள் ஆயத்தமாக இல்லை.

வாரத்துக்கு 35 கோடி பவுண் பிரசெல்ஸுக்குப் போகிறது என்று வெளியேறச் சொல்பவர்கள் செந்நிறப் பேருந்தில் எழுதி ஓட்டுகிறார்கள். 1984இல் பிரான்சின் ஃபொன்ரென்புளோவில் நடந்த மாநாட்டில் தட்சர் வாதாடிப் பெற்ற கட்டணக் கழிவு, பணம் இங்கிருந்து புறப்படும் முன்னரே அதில் கழிக்கப்படுகிறது. ஆகவே அந்தத் தொகை போவதே இல்லை. நாட்டின் புள்ளிவிபர அதிகார சபையே அதைத் தவறான எண்ணத்தை ஏற்படுத்துவது என்று சொன்ன பிறகும் பேருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் சமூகத்திடம் மட்டும் இன்னொரு வாதம் வைக்கப்படுகிறது. ஐரோப்பியர் வருவது நின்றால் நம் ஊரிலிருந்து சமையற்காரரும் குருக்களும் மணமக்களும் எளிதாக வரலாமாம். அமைச்சர் பிரிதி பட்டேல் கறி உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்றே அழைக்கிறார். யாழ்ப்பாணத்தில் தாலி கட்டிவிட்டு வந்து, மனைவியை அழைக்க முடியாமல் இரண்டு வேலை செய்யும் பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டும் என்ற விதியை 2012இல் எழுதியது எந்த நகரம்? இலண்டன். அதை எழுதிய கை நாளை ஐரோப்பியரை விலக்கிவிட்டு நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கும் என்று நம்பச் சொல்கிறீர்களா?

அவையோரே, இதுவரை கணக்குப் பேசினேன். இனி என்னால் கணக்காகப் பேச முடியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? ஏ9 வீதியில் பேருந்தை விட்டு இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, சொந்த ஊருக்குப் போக இன்னொருவனுடைய தலையசைப்புக்காக வெயிலில் காத்திருந்தவர்களுக்கு எல்லை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமான எல்லை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 3,500 உயிர்களைக் காவுகொண்ட கலவரத்தின் காலத்தில் அங்கே படையினரின் காவற்கோபுரங்கள் நின்றன. 1993இல் சுங்கச் சாவடிகள் போயின, 1998இன் பெரிய வெள்ளி சமாதான உடன்படிக்கைக்குப் பின்னர் கோபுரங்களும் இறங்கின. இன்று அங்கே ஒரு தாய் காலையில் ஒரு நாட்டில் எழுந்து, மறு நாட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு விட்டு, யாரிடமும் எதையும் காட்டாமல் வீடு திரும்புகிறாள். அந்த வீதியில் மறுபடியும் ஒரு சாவடி முளைப்பதற்கு ஓமந்தையைக் கண்ட நாம் நம் கையால் வாக்களிக்கலாமா?

போர் நம்மைச் சிதறடித்தபோது அண்ணனுக்குப் பாரிஸ் கிடைத்தது, அக்காவுக்கு ஜேர்மனி, சின்னம்மாவுக்கு டென்மார்க், கடைக்குட்டிக்கு இலண்டன். அங்கெல்லாம் குடியுரிமை பெற்ற பிறகு, பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும், உறவுகளோடு இருக்க வேண்டும் என்று எத்தனை குடும்பங்கள் விசாவே இல்லாமல் இலண்டனின் ஹரோவுக்கும் குரொய்டனுக்கும் வந்து சேர்ந்தன! இலங்கைத் தீவு பிரித்த உடன்பிறப்புகளை ஒரே தெருவில் சேர்த்துவைத்தது ஐரோப்பாவின் சட்டம். செயின்ற் பங்ராஸில் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ், இறங்கி நடந்தால் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல், மாணிக்க விநாயகர் கோயிலின் தேர். இந்த உறவை நான் எந்தத் தராசில் வைத்து நிறுப்பேன்?

அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் இந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. பத்து ஆண்டுகள் இங்கே உழைத்து வரி கட்டியிருந்தாலும், கையில் இருப்பது பிரான்சின் அல்லது ஜேர்மனியின் கடவுச்சீட்டு என்றால் வாக்களிக்க முடியாது. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு சட்டப்படி இங்கே வாழும் தம்பி தங்கைகளே, பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் உங்களுக்கு வாக்கு உண்டு. தமக்கு வாக்கில்லை என்று எண்ணிக்கொண்டு இங்கே அமர்ந்திருப்பவர்கள் பலர். பதிவதற்கு ஜூன் 7ஆம் திகதி நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பதியுங்கள். உங்களுக்காகவும், வாக்கில்லாத உங்கள் அண்ணனுக்காகவும் நிலைத்திருப்போம் என்ற கட்டத்தில் புள்ளடி இடுங்கள். நடுவர் அவர்களே, எங்கள் அணிக்கே தீர்ப்பை வழங்குமாறு வேண்டி விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.