கோல் கைமாறிய நாள்

(ஒரு பொறியியல் கல்லூரி விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

கோலூன்றித் தாண்டுதலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒரு தம்பி சிரித்தார். கருவியியல் படிக்கிற பிள்ளைகளிடம் வந்து விளையாட்டுக் கதையா என்று நினைத்திருப்பார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியில் தங்கம் வென்ற வோல்ஃப்காங் நோர்ட்விக்கின் கதைதான் இது. சரி, ஒரு கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு வீரர் விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறார். அந்த வேகம் முழுவதும் உயரமாக மாறினால் ஏறத்தாழ 4.1 மீட்டர். உடலின் ஈர்ப்பு மையம் முன்பே தரைக்கு மேல் ஒரு மீட்டரில் இருக்கிறது. ஆக 5.1. அதற்கு மேல் வருவதெல்லாம் கை, தோள், வயிற்றுத் தசைகளின் உழைப்பு. கோல் தன் பங்குக்கு எதையும் தருவதில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு சேதாரம் போகக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

மூங்கில் கோலை வைத்து அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942இல் 4.77 மீட்டர் தாண்டினார். உலோகக் கோலோடு டான் பிராக் 1960இல் தாண்டியது 4.80. பதினெட்டு ஆண்டில் மூன்றே சென்டிமீட்டர்! அடுத்த ஆண்டே கண்ணாடியிழைக் கோலால் ஜார்ஜ் டேவிஸ் 4.83 தாண்டினார். 1964இல் சாதனை 5.28. நம் கடற்கரையில் பைபர் படகு என்கிறோமே, அதே சரக்குதான். வில்லாக வளைந்து வேகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நிமிரும்போது ஆளை மேலே அனுப்பிவிடுகிறது.

ஆனால் இந்தக் கோல் எல்லார் கைக்கும் ஒத்துவராது. ஆளின் எடைக்கு ஏற்ற விறைப்பு வேண்டும். எந்த எடைக்கு என்று கோலிலேயே குறித்திருப்பார்கள். அந்த வளைவோடு உடம்பு பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இப்போது நம் ஆளுக்கு வருகிறேன். வோல்ஃப்காங் நோர்ட்விக், கிழக்கு ஜெர்மனிக்காரர். கார்ல் சைஸ் லென்ஸ்களுக்குப் பேர்போன ஜெனா நகரத்தின் எஸ்.சி. மோட்டார் ஜெனா சங்கத்துக்காக விளையாடினார். நுண்கருவி வேலை கற்றவர், இயற்பியலும் படித்தவர். 1966, 1969, 1971 என மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மூன்று பேர் 5.40 தாண்டினார்கள். தவறிய முயற்சிகளை எண்ணிப் பார்த்ததில் அமெரிக்காவின் பாப் சீக்ரனுக்குத் தங்கம், இவருக்கு வெண்கலம்.

அடுத்தது மியூனிக், 1972. அந்த ஜூலையில்தான் சீக்ரன் 5.63 தாண்டி உலக சாதனை வைத்திருந்தார். கையில் கேட்டாபோல் என்ற புதுக் கோல். ஜூலை 25ஆம் தேதி, அதில் கார்பன் இழை இருக்கிறது என்று பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு தடை போட்டது. இல்லை என்று தெரிந்ததும் ஆகஸ்ட் 27இல் தடையை நீக்கினார்கள். மூன்றே நாளில் மறுபடி தடை! இந்த முறை சொன்ன காரணம், பன்னிரண்டு மாதங்களாக இந்தக் கோல் எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பது. அப்படி ஒரு விதியே கிடையாது. கேட்டாபோல் வைத்திருந்த வீரர்களிடமிருந்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, பழகாத வேறு கோல்களைக் கையில் கொடுத்தார்கள். சுவீடனின் ஷெல் இசாக்சன் தகுதிச் சுற்றில் ஒரு உயரத்தைக்கூடத் தாண்டவில்லை. அவரும் அதே ஆண்டில் உலக சாதனை வைத்தவர்தான்.

செப்டம்பர் 2, இறுதிப் போட்டி. சீக்ரன் 5.40இல் நின்றுபோனார். கடைசித் தாண்டல் முடிந்ததும் அந்தக் கோலைக் கொண்டுபோய் கூட்டமைப்பின் அதிகாரி அட்ரியான் பாவ்லென் கையிலேயே கொடுத்துவிட்டார். உங்கள் பொருள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. எனக்கு அந்தக் கோபத்தில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒருவருடைய கருவியைத் தேர்வுக்கு முந்தைய நாள் மாற்றுவது அவருடைய பல மாத உழைப்பைப் பறிப்பதுதான்.

அதற்காக நோர்ட்விக்குக்கு ஓசியில் கிடைத்த தங்கம் என்று சொல்பவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். பழகிய கோலோடு ஓடி வந்தவர் 5.50 தாண்டினார், ஒலிம்பிக் சாதனை. இரண்டாமவரைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். 1896இலிருந்து இந்தப் போட்டியில் அமெரிக்கா தோற்றதே இல்லை. அந்தக் கதை அன்றோடு முடிந்தது.

அத்தோடு அவர் ஓடுதளத்தை விட்டுவிட்டு, சைஸ் தொழிலகத்தின் தொழில்நுட்ப வேலைக்குப் போனார். ஒரு கருவி எவ்வளவு வளையும், எங்கே பிசகும் என்பதை உள்ளங்கையால் அறிந்த ஒருவர் கருவி செய்கிற இடத்துக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை. இன்றைய விதிப்படி கோல் எந்தப் பொருளாலும் இருக்கலாம், எந்த நீளமும் இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை.

மதியம் உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் இங்கே கோல் இருக்கிறதா என்று விசாரித்தேன். ஒன்றே ஒன்று இருக்கிறதாம். யார் எடைக்கு என்று அதில் எழுதியிருந்தது எப்போதோ அழிந்துவிட்டதாம்.